கொல்லைக் குளத்தில் நீர் நிற்கவில்லை: அறிகுறியைக் கொண்டு கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

எங்கள் கொல்லையில் 12 அடி நீளமும் 8 அடி அகலமும் 3 அடி ஆழமும் கொண்ட சிறு குளம் ஒன்று இருக்கிறது. முதலில் களிமண் அடித்தும், பிறகு சிமெண்ட் பூசியும், இப்போது ஷீட் விரித்தும் அதை அமைத்திருக்கிறோம். மூன்று நிலையிலும் அது கசிந்திருக்கிறது. தொடக்கத்தில், நீர் குறைந்தவுடன் குளத்தை இறைத்து அடித்தளத்தைத் தோண்டிப் பார்ப்பதே என் வழக்கமாக இருந்தது. இரண்டு முறை அப்படித் தோண்டிய பிறகும் நீர் குறைந்தது. காரணம் இரண்டு முறையும் கரையின் மேல்விளிம்பில் இருந்தது. அக்கம்பக்கத்துக் குளங்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகும் இதே நிலையைத்தான் அதிகம் கண்டேன். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். மண்வெட்டி எடுக்கும் வேலை கடைசியில் வருகிறது.

## அறிகுறி: நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது

இது கசிவுதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். தமிழகத்துச் சமவெளியில் கோடை வெயிலும் காற்றும் சேர்ந்தால் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளில் 6 மில்லிமீட்டர் வரையிலும், சில நாட்களில் அதற்கு மேலும் ஆவியாகும். எங்கள் குளத்தின் பரப்பு 96 சதுர அடி; அதில் 6 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 54 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட நான்கு குடம் நீர். தினமும் நான்கு குடம் ஊற்ற வேண்டியிருந்தால் யாரும் கசிவு என்றுதான் எண்ணுவார்கள்.

இதற்கு வாளிச் சோதனை போதும். ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, குளத்துக்குள் ஒரு படியின் மீதோ இரண்டு செங்கல்லின் மீதோ, அதன் வாய் நீருக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். வாளிக்குள் உள்ள நீர்மட்டத்தையும் வெளியே உள்ள குளத்து நீர்மட்டத்தையும் வாளியின் மீதே கோடிட்டுக் குறித்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, மழையில்லாத மூன்று நாட்கள் காத்திருங்கள். இரண்டு மட்டமும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது வெயிலின் வேலை. நிழல்வலை கட்டுவதும் அல்லி இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடும்படி வளர்ப்பதும் தவிர வேறெதுவும் செய்யத் தேவையில்லை. குளத்து நீர் கூடுதலாகக் குறைந்திருந்தால் அந்த வித்தியாசம்தான் கசிவு. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பழுது பார்த்த பின் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் தேவைப்படும்.

வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்தால் கரையைச் சுற்றி நடந்து, நீருக்குள் தொங்கும் புல்லையும், நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் தோட்ட மண்ணையும் பாருங்கள். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலப் புல்வேரும் ஈரமண்ணும் இரவும் பகலும் நீரை வெளியே இழுக்கும். புல்லை வெட்டி, நீருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாண் அகலத்துக்குக் கூழாங்கல் வரிசை வைத்தால் இது நின்றுவிடும்.

## அறிகுறி: மோட்டார் ஓடும்போது மட்டும் குறைகிறது

மோட்டாரை ஒரு நாள் நிறுத்தியும் ஒரு நாள் ஓட்டியும் அளந்து பாருங்கள். ஓடும் நாளில் மட்டும் இழப்பு இருந்தால் குளம் நலமாக இருக்கிறது. குழாயிலோ அருவி விழும் இடத்திலோதான் பழுது.

முதலில் அருவிக்கல்லின் ஓரங்களைப் பாருங்கள். பாசியும் சருகும் அடைத்துக்கொண்டால் நீர் பக்கவாட்டில் வழிந்து கல்லுக்குப் பின்னால் இறங்கும்; வெளியே ஒன்றும் தெரியாது, கல்லைத் தூக்கினால் அடியில் சேறு இருக்கும். சருகை அள்ளி, விழும் நீர் குளத்துக்குள்ளேயே விழும்படி ஒரு கல்லை நகர்த்தி வைப்பதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அடுத்து குழாய் இணைப்புகளின் மீது உலர்ந்த செய்தித்தாளைச் சுற்றிவைத்து, ஒரு மணி நேரத்தில் நனைகிறதா என்று பாருங்கள். மண்ணுக்குள் புதைத்த குழாயில் ஐயம் இருந்தால், அதைத் தேடித் தோண்டுவதைவிட மேலே ஒரு தற்காலிகக் குழாயைப் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது எளிது.

எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டிய நிலை: நீரில் கை வைக்கும்போது சுரீர் என்று இருந்தாலோ, மோட்டாரைப் போட்டவுடன் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தாலோ, மெயினை அணைத்துவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். குளத்து மோட்டாருக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் ஒழுங்கான எர்த்தும் இல்லையென்றால், கசிவைச் சரிசெய்வதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். குளத்துக்குள் இறங்கி வேலை செய்யும் எவரும் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகே இறங்க வேண்டும்.

## அறிகுறி: வேகமாகக் குறைந்து, ஒரு மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது

இதுதான் மிகவும் பயன்தரும் அறிகுறி. ஓட்டையின் கீழ்விளிம்புக்கு நீர் வந்ததும் குறைவது நின்றுவிடும் என்பதால், நீர் நின்ற மட்டத்தைச் சுற்றிலும் ஒரு வளையம்போல் தேடினால் போதும். அதற்குக் கீழே தேட வேண்டியதில்லை. ஆகவே குளம் குறையத் தொடங்கினால் நீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே இருக்காதீர்கள். மீன்களுக்கு ஒரு அடி நீராவது இருக்கும்வரை குறைய விட்டு, நாளுக்கு இருமுறை மட்டத்தைக் குறித்து வாருங்கள்.

முதலில் விளிம்பு மட்டம். மேலிருந்து 2 அல்லது 3 அங்குலம் குறைந்ததும் நின்றுவிட்டால், ஒரு பக்கத்துக் கரை தாழ்ந்திருக்கக்கூடும். கண்ணால் பார்த்து இதை நம்ப முடியாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலை, அதாவது நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை எடுத்து, குளத்தைச் சுற்றி 2 அடிக்கு ஓரிடமாக மட்டம் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் ஷீட்டைத் தூக்கி, அடியில் மண் போட்டுக் கெட்டித்து, மீண்டும் மடித்து வைத்தால் செலவே இல்லாமல் சரியாகும். நான் பார்த்த குளங்களில் அதிகமானவற்றில் பழுது இதுதான்.

ஷீட் விரித்த குளமாக இருந்தால், நீர் நின்ற கோட்டை ஒட்டி ஷீட்டைத் துணியால் துடைத்து, மடிப்புகளையும் மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். ஐயம் எழும் இடத்தில், ஊசி நீக்கிய சிரிஞ்சில் பாலை எடுத்து, நீருக்குள் மெதுவாகச் சில துளிகள் விடுங்கள். காற்றில்லாத காலை நேரத்தில், மோட்டார் நின்றிருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். ஓட்டை இருந்தால் பால் புகைபோல் வளைந்து அதற்குள் இழுபடும். இல்லையென்றால் அங்கேயே தொங்கிக் கரையும். மஞ்சள் கரைத்தும் செய்து பார்த்தேன், அதன் துகள்கள் மேலே மிதந்துவிடுவதால் பால்தான் தெளிவாகக் காட்டுகிறது.

ஓட்டை அகப்பட்ட பின், ஷீட் எந்த வகை என்பது முக்கியமாகிறது. ரப்பர் போன்ற இபிடிஎம் ஷீட்டை அதற்கென விற்கும் பிரைமரும் டேப்பும் கொண்டு நாமே ஒட்டலாம். பிவிசி ஷீட்டை அதற்குரிய பசை பிடிக்கும். பண்ணைக்குட்டைகளுக்கு விரிக்கும் 500 மைக்ரான் எச்டிபிஇ ஷீட்டில் எந்தப் பசையும் நிலைத்து நிற்காது, அதைச் சூடுவைத்துத்தான் ஒட்ட வேண்டும். எச்டிபிஇ ஓட்டைக்குப் பசையும் டேப்பும் வாங்கிப் பணத்தை வீணாக்காமல், பண்ணைக்குட்டை ஷீட் ஒட்டும் ஆட்களை வெப்பக்காற்றுக் கருவியுடன் அழைப்பதே சரியானது. நெய்த தார்ப்பாய் விரித்த குளத்தில் வெயில் பட்ட விளிம்பு தூள்தூளாக உதிர்ந்தால் ஒட்டுப்போடுவதில் பொருளில்லை. அடுத்த மாதம் பக்கத்தில் கிழியும்.

குண்டூசிமுனை அளவில் வரிசையாகத் துளைகள் தென்பட்டால் கோரையைச் சந்தேகியுங்கள். கோரைக்கிழங்கின் கூரிய முளை பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும், மூங்கில் முளையும் அப்படியே. துளையை ஒட்டினாலும் கிழங்கு அடியில் இருக்கும்வரை பழுது திரும்ப வரும். இது குளத்தைத் தோண்டியே ஆக வேண்டிய காரணங்களுள் ஒன்று.

சிமெண்ட் குளமாக இருந்தால், தரையும் சுவரும் சேரும் மூலையையும் குழாய் நுழையும் துளையையும் முதலில் பாருங்கள். நீரை வடித்து உலரவிடும்போது மற்ற இடங்கள் காய்ந்த பிறகும் ஈரக்கோடாக நீடிக்கும் இடம்தான் விரிசல். மயிரிழை விரிசல் என்றால் பாசியைத் தேய்த்துக் கழுவி, பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கை பூசலாம். நகம் நுழையும் விரிசலை மேலே பூசி மூடுவது பயனற்றது. அரை அங்குல ஆழத்துக்கு வெட்டித் திறந்து, சுருங்காத கிரவுட் கொண்டு அடைத்து, அதன்மேல் பூச்சுப் பூச வேண்டும். பூச்சு நீராறுவதற்கு ஒரு வாரமாவது ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள். புதுச் சிமெண்டின் காரம் மீனைக் கொல்லும் என்பதால், இரண்டு மூன்று முறை நீர் நிரப்பி வடித்த பிறகே மீன் விட வேண்டும்.

பொறியாளரை அழைக்க வேண்டிய நிலை: அடைத்த விரிசல் அதே இடத்தில் மீண்டும் திறந்தாலோ, விரிசலின் ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தாலோ, அடிமண் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். குளம் வீட்டுச் சுவரை ஒட்டியிருந்தால் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

களிமண் குளமாக இருந்தால், நீர் நின்ற மட்டத்தில் கரையின் வெளிப்புறத்திலும் உட்புறத்திலும் வளை தேடுங்கள். வயல் வரப்பில் நண்டு துளைப்பதைப் போலவே குளக்கரையிலும் துளைக்கும், எலிவளையும் இருக்கும். வாயை மட்டும் அடைத்தால் நீர் உள்ளேயே வேறு வழி தேடிக்கொள்ளும். வளையின் முழுப் பாதையையும் வெட்டித் திறந்து, பிசைந்த களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கடப்பாரையின் அடிப்பாகத்தால் இடித்து நிரப்ப வேண்டும். வரப்பில் அண்டை வெட்டிச் சேறு பூசும் அனுபவமுள்ளவர்கள் இதை யாரும் சொல்லித்தராமலே செய்துவிடுவார்கள். அத்தகைய ஒருவரை அரைநாள் கூலிக்கு அழைப்பது நான் செய்த செலவுகளில் சிறந்தது.

## அறிகுறி: எங்கும் நிற்காமல் அடிவரை வற்றுகிறது

ஷீட் குளத்தில் இது நேர்ந்தால் அடியில் கல்லோ கண்ணாடிச்சில்லோ குத்தியிருக்கலாம். தாமரைத் தொட்டியை இழுத்த இடம், யாரோ இறங்கி மிதித்த இடம், தூண்வைத்த இடம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

களிமண் குளத்தில் இது பெரும்பாலும் கோடைக்குப் பிறகே நேரும். களிமண், குறிப்பாகக் கரிசல், காய்ந்தால் ஆழமாக வெடிக்கும். பின்னர் நீர் ஊற்றினாலும் எல்லா வெடிப்பும் முழுதாக மூடிக்கொள்வதில்லை. நடவுக்கு முன் வயலைச் சேறடிப்பது நீர் கீழே இறங்காமல் தடுக்கவும்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் தீர்வு புலப்படும். கணுக்கால் அளவு நீர் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, மேல் அரையடி மண் வெண்ணெய்போல் ஆகும்வரை அடித்தளம் முழுவதையும் காலால் மிதிக்க வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்தால் எங்கள் குளம் போன்றதை ஒரு காலைப்பொழுதில் முடிக்கலாம்.

மிதித்தும் நிற்கவில்லையென்றால் மண்ணில் களி போதவில்லை. ஒரு பிடி ஈரமண்ணைச் சுண்டுவிரல் கனத்துக்குத் திரித்து வளைத்துப் பாருங்கள். வளையமாகச் சேர்ந்தால் நல்ல களி, உடைந்தால் மணற்பாங்கு. உடையும் மண்ணுக்குப் பெண்டோனைட் தூள் உதவும். நீர் பட்டதும் உப்பும் இக்களிமண், எர்த் குழிக்குப் போடுவதற்காக மின்பொருள் கடைகளில் கிடைக்கிறது; கரியோ உப்போ கலந்த கலவையைத் தவிர்த்து, வெறும் சோடியம் பெண்டோனைட் என்று கேட்டு வாங்க வேண்டும். சதுர அடிக்கு அரைக் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை, உலர்ந்த அடிமண்ணின் மேல் 4 முதல் 6 அங்குலத்தில் கலந்து, திமிசு போட்டுக் கெட்டித்த பிறகு நீர் விட வேண்டும். நிறைந்த குளத்தில் மேலிருந்து தூவுவதை நான் நம்புவதில்லை. தூள் ஓட்டைக்குப் போகாமல் எங்கோ படிந்துவிடுகிறது.

## அறிகுறி: ஷீட் அடியிலிருந்து குமிழாக எழும்புகிறது

மழைக்காலத்தில் என்றால் நிலத்தடி நீர் மேலேறி ஷீட்டைத் தூக்குகிறது. வெயில்காலத்தில், குத்தியதும் நாற்றத்தோடு காற்று வெளியேறினால், அடியில் வேரோ சாணமோ அழுகுகிறது.

மழைக்காலக் குமிழுக்கு ஒரே அறிவுரை, குளத்தை வற்றவைக்காதீர்கள் என்பதுதான். மேலே உள்ள நீரின் எடையே ஷீட்டைக் கீழே பிடித்துவைத்திருக்கிறது. காவிரிப் படுகை போன்ற பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையின்போது நிலத்தடி நீர் தரைக்கு மிக அருகே வந்துவிடும். அப்போது சிமெண்ட் தொட்டியைக்கூட காலிசெய்தால் அடியிலிருந்து வரும் அழுத்தம் தரையை வெடிக்கச் செய்யலாம். மழை ஓய்ந்து கிணற்று நீர் இறங்கும்வரை காத்திருங்கள். எழும்பும் நீரில் கழிவுநீர் வாடை இருந்தால் உடனே செப்டிக் டேங்க் வேலை தெரிந்தவரை அழைக்க வேண்டும். குடிநீர்க் கிணறு அருகில் இருந்தால் அந்த நீரைக் குடிப்பதையும் நிறுத்துங்கள்.

## எல்லாம் பார்த்தும் நிற்கவில்லை: தோண்டி வடிவத்தை மாற்றுவது

கோரைக்கிழங்கு அடியில் பரவியிருந்தாலோ, ஷீட் உதிர்ந்துவிட்டாலோ, செங்குத்துக் கரை மீண்டும் மீண்டும் சரிந்தாலோ ஒட்டுவேலையை நிறுத்திவிட்டு முழுதாகத் தோண்டுவதே சிக்கனம். அப்படித் தோண்டும்போது பழைய வடிவத்திலேயே திரும்ப அமைப்பது பெரும் தவறு. செங்குத்துச் சுவரும் கூர்மூலையும்தான் ஷீட்டில் இழுவிசையையும் சிமெண்டில் விரிசலையும் களிமண்ணில் சரிவையும் உண்டாக்குகின்றன. வடிவம் மாறாவிட்டால் பழுதும் மாறாது.

காலம். வடகிழக்குப் பருவமழை பெறும் பகுதிகளில் கத்திரி வெயிலுக்குப் பிறகு தொடங்கி செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். நீலகிரி, கன்னியாகுமரி போன்ற தென்மேற்குப் பருவமழைப் பகுதிகளில் மே மாதத்துக்குள் முடிய வேண்டும்.

மீன்களை மாற்றுவது. வெயில் ஏறுமுன், குளத்து நீரையே நிரப்பிய அகன்ற தொட்டிக்கு மாற்றி, நிழலில் வைத்து, காற்றுக்குழாய் போடுங்கள். குளோரின் வாடை அடிக்கும் குழாய்நீரில் நேரடியாக விடக் கூடாது. அடியில் கிடைக்கும் கறுப்பு வண்டலைத் தூக்கி எறியாமல் தென்னைக்கும் வாழைக்கும் போடுங்கள்.

சரிவு. ஷீட் குளத்துக்கு, கெட்டியான மண்ணில் ஒவ்வோர் அடி ஆழத்துக்கும் அரையடியாவது கரை உள்நோக்கிச் சரிய வேண்டும். மணற்பாங்கான மண்ணில் ஓர் அடி. களிமண் குளத்துக்கு ஓர் அடி ஆழத்துக்கு இரண்டு அடி சரிவு வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எங்கள் முதல் குளம் ஏன் நிற்கவில்லை என்பது விளங்கியது: 3 அடி ஆழத்துக்கு இருபுறமும் 6 அடி வீதம் 12 அடி அகலம் தேவை, எங்களிடம் இருந்ததோ 8 அடி. இடம் குறைவாக இருந்தால் களிமண் குளத்தின் ஆழத்தை ஒன்றரை அடியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஷீட்டுக்கு மாறிவிடுங்கள். மூலைகளை அரிவாள்போல் வளைத்து வெட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் ஓர் அடி ஆழத்தில் ஓர் அடி அகலப் படி விடுங்கள். செடித்தொட்டி வைக்கவும், உள்ளே தவறி விழும் அணிலோ பூனையோ ஏறி வரவும் அது உதவும்.

அடித்தளம். கிழங்கையும் வேரையும் கையால் பொறுக்கி எடுத்து, திமிசு போட்டு, அதன்மேல் 2 அங்குலத்துக்குச் சலித்த மென்மணல் பரப்புங்கள். பழைய சாக்கோ சேலையோ அடியில் போடும் வழக்கம் உண்டு. பருத்தியும் சணலும் மக்கிக் காற்றை உண்டாக்குவதால், யூரியா மூட்டையின் பிளாஸ்டிக் சாக்கை நன்கு கழுவிப் பிரித்து விரிப்பதே மேல்.

ஷீட் அளவு. நீளத்தோடு ஆழத்தின் இருமடங்கையும், கரையில் புதைக்க இருபுறமும் 2 அடி வீதம் 4 அடியையும் கூட்டுங்கள், அகலத்துக்கும் அப்படியே. எங்கள் குளத்துக்கு 22 அடிக்கு 18 அடி வந்தது. ஷீட்டை இழுத்துக் கட்டாமல் தளர்வாக விரித்து, நீர் நிரம்ப நிரம்ப மடிப்பைச் சரிசெய்து, குளம் முழுதாக நிறைந்து ஒரு நாள் கழிந்த பிறகே விளிம்பை வெட்டிப் புதைக்க வேண்டும். நிறைவதற்கு முன் வெட்டிய ஒரு குளத்தில், நீரின் எடையால் ஷீட் உள்ளே இறங்கி ஒரு பக்கத்துக் கரை வெறுமையாகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நாமே செய்யக் கூடாதவை. 4 அடிக்கு மேல் ஆழமுள்ள செங்குத்துக் குழிக்குள் யாரும் இறங்கித் தோண்டக் கூடாது. தளர்ந்த மண் எச்சரிக்கையின்றி விழும். தோண்டிய மண்ணைக் கரையிலிருந்து 2 அடி தள்ளிக் கொட்டுங்கள். குளத்தின் ஆழத்தைப்போல் இருமடங்கு தொலைவுக்குள் வீட்டுச் சுவரோ மதிலோ இருந்தால், பொக்லைன் வருவதற்கு முன் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். போர்வெல் குழாயும் மின்கேபிளும் எங்கே போகின்றன என்று தெரியாத இடத்தில் கடப்பாரையை ஓங்கக் கூடாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், வேலை நடக்கும் நாட்களிலும் அதன் பிறகும் குளத்தைச் சுற்றி வேலியோ மேலே கம்பிவலையோ இருக்க வேண்டும். நீர் ஓர் அடிதான் என்று விட்டுவிடக் கூடாது.

குளம் நிறைந்ததும், முதலில் செய்த அதே வாளிச் சோதனையை அதே இடத்தில் மூன்று நாட்கள் செய்து, முன்பு எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். வாளியும் குளமும் ஒரே அளவு குறைந்திருந்தால் முதலில் செடிகளையும், ஒரு வாரம் கழித்து நான்கைந்து கப்பி மீன்களையும் விடுங்கள். அவை நன்றாக மேய்வதைப் பார்த்த பிறகு மற்ற மீன்களைத் தொட்டியிலிருந்து மாற்றலாம்.